வராதவரைத் தேடி வாருங்கள்: நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் ஓர் அரசு மருத்துவமனையில், மனநலப் புறநோயாளிப் பிரிவில், என் தம்பியின் சீட்டில் "தொடர்ந்து வரவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளை நேரில் கூட்டிவரச் சொன்னார்கள். பார்க்காமல் மருந்து எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெளியே வர முடியாமல் போவதே நோயாக இருக்கும்போது, வந்தால்தான் வைத்தியம் என்றால் அவன் எப்படித்தான் தேறுவான்?

மனச்சோர்வு ஒருவரை எப்படி ஒடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நின்றது. அப்புறம் சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு வரமாட்டேன் என்றான். நண்பர்கள் கூப்பிட்டால் போன் அடித்து ஓயும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் அடுத்த முறையும் எடுக்கமாட்டான். நாளடைவில் அவர்களும் விட்டுவிட்டார்கள். 'நான் யாருக்கும் வேண்டாதவன்' என்று அவன் நினைத்ததற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. சோர்வால் ஒதுங்கினான், ஒதுங்கியதால் சோர்வு இன்னும் கூடியது. இப்போது வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுகிறான். மருத்துவமனைக்குப் போக ஆட்டோ வந்த அன்று குளித்து, சட்டை மாற்றி, நிலைப்படிவரை வந்தான். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. திரும்பிப் போய்ப் படுத்தவன் அன்று சாப்பிடவே இல்லை. அந்த நிலைப்படிவரை வர அவன் பட்ட பாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏறியது "வரவில்லை" என்பது மட்டும்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வராதவரைத் தேடி வாருங்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. என் அம்மாவும் அதை வாங்குகிறார். கொண்டுவரும் பெண்ணுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாரா, மனம் சோர்ந்தே கிடக்கிறாரா என்று அவர் போகும் வீட்டிலுள்ள எல்லோரைப் பற்றியும் கேட்கட்டும். ஆம் என்றால் மாவட்ட மனநலக் குழுவுக்குத் தகவல் போகட்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களை ஒட்டி, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் மனச்சோர்வு முற்றியவர்களை வீட்டிலும் போய்ப் பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகளில், கைவிட்டுப்போன சின்னச் சின்னக் காரியங்களை மறுபடி தொடங்க வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்ற ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதே ஆண்டு இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவும், குடும்பத்துக்கான உதவியையும் வீட்டிலேயே தரும் மறுவாழ்வுச் சேவையையும் அரசு தர வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறது.

போனிலேயே மனநல ஆலோசனை தரும் 14416 இருக்கிறதே என்பீர்கள். நல்ல சேவைதான், ஆனால் கூடப் படித்தவனின் அழைப்பையே எடுக்காதவன் முன்பின் தெரியாதவருக்கு எப்படிப் போன் போடுவான்? ஒவ்வோர் ஆண்டும் உலக மனநல நாளான அக்டோபர் 10-இல் பேரணி நடக்கிறது, உறுதிமொழி எடுக்கிறோம். அந்தப் பேரணி போகும் தெருவிலேயே கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஊர் அவர்களைச் சோம்பேறி என்கிறது, ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறது. ஊர் வாயை நீங்கள் மூட முடியாது. ஆனால் மருத்துவமனைச் சீட்டும் அவர்களையே குற்றம் சொல்வது போல் இருந்தால் நாங்கள் வேறு எங்கே போவது?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாவட்டந்தோறும், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களின் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வீட்டாருக்குப் போன் செய்யட்டும், பிறகு ஆள் வரட்டும். வருபவரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: முதல் நாள் என் தம்பி முகம் கொடுத்துப் பேசமாட்டான். அதற்காக அவன் பெயரை அடித்துவிடாமல், தயவுசெய்து மறுபடியும் வரட்டும்.

இப்படிக்கு,
ஓர் அக்கா