ஸ்டெட்ஃபாஸ்ட்: உறுதி எல்லாம் ஒரே உறுதி அல்ல

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய வேலை விண்ணப்பக் கடிதத்தில் ஸ்டெட்ஃபாஸ்ட் (steadfast) என்ற ஆங்கிலச் சொல் நான்கு முறை வருகிறது. அருமையான சொல்தான். பற்றும் மன உறுதியும் சேர்ந்து நிற்கும் சொற்கள் ஆங்கிலத்தில் அதிகம் இல்லை. ஆனால் அந்த நான்கில் ஒன்றுதான் சரியான இடத்தில் இருக்கிறது. மற்ற மூன்றும் சறுக்கியதற்குக் காரணம் ஒன்றே. நீ தமிழில் ‘உறுதி’ என்று நினைத்த இடத்திலெல்லாம் அதை வைத்துவிட்டாய்.

தமிழில் உறுதி எங்கும் போகும். நாற்காலி உறுதியாக இருக்கும், பயணச்சீட்டு உறுதியாகும், ‘உறுதியாகச் சொல்கிறேன்’ என்போம், ‘படித்தே தீருவேன் என்று உறுதியாக இருக்கிறாள்’ என்போம். ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு வெவ்வேறு சொற்கள்: நாற்காலிக்கு ஸ்டர்டி, சீட்டுக்கு கன்ஃபர்ம்ட், சந்தேகமில்லை என்பதற்கு ஷ்யூர், செய்தே தீருவது என்பதற்கு டிடெர்மின்ட். ஸ்டெட்ஃபாஸ்ட் இந்த நான்கில் எதுவும் இல்லை.

பின்னே அது எது? சொல்லைப் பிரித்தாலே தெரிந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் ஸ்டெட் என்றால் இடம். இன்ஸ்டெட், ஹோம்ஸ்டெட் ஆகிய சொற்களில் இன்றும் அது இருக்கிறது. ஃபாஸ்ட் என்பது இங்கே வேகம் அல்ல, இறுகப் பிடித்தது என்ற பழைய பொருள். சீட் பெல்ட்டை ஃபாஸன் செய்யச் சொல்வதும், அசையாமல் தூங்குபவரை ஃபாஸ்ட் அஸ்லீப் என்பதும் அதே வேர்தான். ஆக, நின்ற இடத்திலேயே ஊன்றி நிற்பது. நம் ‘நிலைகுலையாமல்’ என்ற சொல் இதற்கு மிக அருகில் வரும்.

ஊன்றி நிற்பதாகச் சொல்ல வேண்டுமானால் ஏதோ ஒன்று பிடித்துத் தள்ள வேண்டும், அது கொஞ்ச காலம் நீடிக்கவும் வேண்டும். நெருக்கடி, ஆசை காட்டல், எதிர்ப்பு, தொடர் தோல்வி, எதுவாகவும் இருக்கலாம். ஆகவே எழுதும் முன் ‘எது தள்ளியது, எவ்வளவு காலம்?’ என்று கேட்டுப் பார். பதில் இல்லையென்றால் அங்கே வேறு சொல் தேவை.

இனி உன் வாக்கியங்கள். முதலாவது: ‘ஐ ஆம் ஸ்டெட்ஃபாஸ்ட் டு ஜாயின் யுவர் டீம்.’ இலக்கணமே இடிக்கிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் டு போட்டு வினைச்சொல் வராது. இனிமேல் செய்யப் போவதற்கான முனைப்புக்கு டிடெர்மின்ட் இருக்கிறது. ஆனால் வேலை கேட்கும் கடிதத்தில் அது மிரட்டல் போலத் தொனிக்கும். ‘ஐ ஆம் கீன் டு ஜாயின் யுவர் டீம்’ போதும். இரண்டாவது: ‘ஐ ஆம் ஸ்டெட்ஃபாஸ்ட் தட் ஐ கேன் டூ திஸ் ஜாப்.’ இங்கே நீ சொல்ல வந்தது நம்பிக்கை, எனவே கான்ஃபிடென்ட். மூன்றாவது: ‘ஸ்டெட்ஃபாஸ்ட் டைப்பிங் ஸ்பீட்.’ ஏற்ற இறக்கம் இல்லாத சீரான போக்குக்கு ஸ்டெடி என்று பெயர். விடாமல் தூறும் மழைக்கும் நடுங்காத கைக்கும் அதுதான். ஓசை ஒத்திருப்பதால் இந்த இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன.

சரியாக அமைந்தது நான்காவது: ‘அவர் டீம் ரிமெய்ன்ட் ஸ்டெட்ஃபாஸ்ட் டெஸ்பைட் ரிபீட்டட் செட்பேக்ஸ்.’ அடுத்தடுத்து வந்த பின்னடைவுகள் தள்ளுகின்றன, குழு அசையவில்லை. ரிமெய்ன் என்ற வினை காலத்தையும் கொண்டு வந்துவிட்டது. எதில் உறுதி என்று சேர்க்க நினைத்தால் இன் போடு: ‘ஸ்டெட்ஃபாஸ்ட் இன் ஹர் பிலீஃப்ஸ்’, ‘ஸ்டெட்ஃபாஸ்ட் இன் ரெஃப்யூஸிங்.’ கொள்கைக்கு முன் டு போட்டு எழுதுபவர்களும் உண்டு, இருந்தாலும் இன் தான் எப்போதும் கைகொடுக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைப்பதென்றால் சப்போர்ட், ஃப்ரெண்ட், லாயல்டி, ரெஃப்யூசல் ஆகியவற்றோடு நன்றாக ஒட்டும். வெரி சேர்க்காதே. அழுத்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து ஏற்றினால் நீர்த்துப் போகும்.

பக்கத்து வீட்டுச் சொற்களோடும் எச்சரிக்கையாக இரு. லாயல் என்பது ஒருவரிடமோ ஓர் அமைப்பிடமோ வைக்கும் பற்று. நெருக்கடியே வராவிட்டாலும் ஒருவர் லாயலாக இருக்கலாம். ஸ்டான்ச் பெரும்பாலும் சப்போர்ட்டர், ஆலாய் (கூட்டாளி), ஒப்போனென்ட் ஆகியவற்றுக்கு முன்னால் வரும், பக்கம் எடுத்துவிட்டார் என்ற வாடை அதில் உண்டு. மிக நுட்பமான எல்லை பிடிவாதத்தைச் சொல்லும் ஸ்டபர்னோடுதான். ஒருவர் தன் முடிவை மாற்ற மறுக்கிறார். அந்த முடிவை நீ மதித்தால் ஸ்டெட்ஃபாஸ்ட், எரிச்சலானால் ஸ்டபர்ன். செயல் ஒன்றுதான், சொல் காட்டுவது உன் தீர்ப்பை. மற்றவரைப் பற்றி எழுதும்போது இதை மறந்துவிடாதே. ‘ஸ்டபர்ன் சப்போர்ட்’ என்று ஒருவரின் ஆதரவைப் பாராட்டினால் அவருக்கு நிச்சயம் உறுத்தும்.

உச்சரிப்பில் ஒரு திருத்தம். ஆங்கில எழுத்தில் ஈ, ஏ (ea) இரண்டும் சேர்ந்து வருவதால் ‘ஸ்டீட்’ என்று நீட்டத் தோன்றும். கூடாது. பிரெட், ஹெட் போலக் குறில்தான். அழுத்தம் முதல் அசையில். தொடக்கத்தில் ‘இஸ்’ என்று ஓர் இகரத்தை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள். எழுதும்போது ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது.

பேச்சில் எவ்வளவு வரலாம் என்றும் கேட்டிருந்தாய். குறைவாகத்தான். தேநீர் குடித்தபடி தோழியிடம் ‘யூ ஆர் ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்றால் மேடைப் பேச்சு போல இருக்கும். ‘ஷி ஸ்டுட் பை மீ’, ‘ஹி ஸ்டக் டு ஹிஸ் வேர்ட்’, இப்படித்தான் ஆங்கிலம் பேசுபவர்கள் அதே உணர்வைச் சொல்வார்கள். பரிந்துரைக் கடிதம், நன்றியுரை, இரங்கல் குறிப்பு, பணி ஓய்வு வாழ்த்து ஆகியவற்றில் இந்தச் சொல்லுக்கு முழு மரியாதை உண்டு. ஸ்டெட்ஃபாஸ்ட்லி என்ற வினையடைக்குப் பின்னால் பெரும்பாலும் ரெஃப்யூஸ், டிஃபெண்ட், சப்போர்ட் போன்ற வினைகள்தான் நிற்கும். ‘ஸ்டெட்ஃபாஸ்ட்லி வாக்ட்’ என்று நடைக்கு வைத்தால் பொருந்தாது.

உன் கடிதத்தில் நான்காவது வாக்கியத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, அந்தப் பின்னடைவுகள் என்னென்ன, எத்தனை மாதம் நீடித்தன என்று அடுத்த வரியில் எழுதி அனுப்பு. பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்