அந்தப் பாடம் எடுக்கும் முன்னால்

அன்புள்ள கண்ணு,

அங்கே இங்கிலாந்தில் உன் சமயக் கல்வி வகுப்பில் அடுத்த வாரம் கருக்கலைப்புப் பாடம் எடுக்கவேண்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். 12 மதிப்பெண் கேள்விக்கு இரு தரப்பு வாதத்தையும் எழுதி முடிவு சொல்லவேண்டுமாமே. பரீட்சைக்கு அது சரி. ஆனால் வகுப்பையே பட்டிமன்றம் ஆக்கிவிடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே அரசுப் பள்ளியில் மத போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் நான் சமயம் கற்பித்ததில்லை. ஆனால் தர்மபுரியில் சமூக அறிவியல் எடுத்தவள் உயிரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 1992-ல் சேலத்தில் ஜெயலலிதா தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் விட்டுவிட்டுப் போ, அரசு பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

வகுப்பில் அந்தப் பேச்சு வந்தபோது பையன்கள், "குழந்தையக் கொன்ன அம்மாவ ஜெயில்ல போடணும் டீச்சர்" என்று கத்தினார்கள். சுவரோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "பால் குடுக்காதேன்னு மாமியார் சொன்னா அவங்க என்ன டீச்சர் பண்ணுவாங்க?" என்றாள். யார் வீட்டுக் கதை அது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. வரதட்சணை, சொத்து, ஆண் வாரிசு, அந்த வீட்டில் மருமகள் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகளையே சொல்லவைத்துக் கரும்பலகையில் எழுதினேன். கொலை கொலைதான், அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. அதில் யார் யார் கை இருக்கிறது என்று பார்க்கவைத்தேன். கத்தின பையன்களும் கடைசியில் அப்பா, தாத்தா என்று பெயர் சேர்த்தார்கள்.

உன் வகுப்பிலும் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்றே வைத்துக்கொள். ஆதரவா எதிர்ப்பா என்று கை தூக்கச் சொல்லாதே. எந்தப் பாடம் வரப்போகிறது என்று முதல் நாளே சொல்லிவிடு, முடியாதவர்கள் உன்னிடம் தனியாக வந்து சொல்லட்டும்.

அப்புறம், ஒரு மதத்துக்கு ஒரே குரல்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை கருக்கலைப்பை அறவே ஏற்பதில்லை. இங்கிலாந்துத் திருச்சபை பொதுவாக எதிர்த்தாலும் சில நெருக்கடிகளில் இடம் கொடுக்கிறது. இஸ்லாமிய அறிஞர்களுக்குள்ளேயே, கருவுக்கு உயிர் ஊதப்படுவதாகச் சொல்லும் 120 நாள் கணக்கை வைத்து வேறு வேறு கருத்து உண்டு. சட்டமும் அப்படித்தான். உங்கள் ஊர் 1967 சட்டம் 24 வாரம், இரண்டு டாக்டர் என்கிறது. இங்கே 1971-லேயே கருக்கலைப்புக்குச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். ஏன் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்று கேட்டுப் பார், நல்ல விவாதம் வரும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க மிஸ்?" என்று எப்படியும் ஒருவன் கேட்பான். மழுப்பாதே. எல்லாரும் எழுதி முடித்த பிறகு சொல்கிறேன் என்று சொல், சொன்னபடி சொல்லு. டீச்சர் கருத்து முதலில் வந்துவிட்டால் பாதிப் பேர் அதையே எழுதிக் கொடுப்பார்கள். கடைசியில் வந்தால் உன்னோடு மல்லுக்கு நிற்பார்கள், அதுதான் வேண்டும்.

பாடம் முடிந்த அன்றே போன் செய். எந்த நேரமானாலும் பரவாயில்லை. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு ஒன்று விடாமல் தெரியவேண்டும்.

அன்புடன்,
அம்மா
தர்மபுரி