கேபின் க்ரூ பயிற்சி நடத்தும் குமரி மாவட்ட நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை மாதக்கணக்கில் பழக்கி விமான வேலைக்கு அனுப்புகிறீர்கள். உடை, ஒப்பனை, நடை, இன்டர்வியூ ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் வகுப்பு இருக்கிறது. காக்பிட்டை, அதாவது விமானிகள் அறையை, கூப்பிட்டுப் பேசுவதற்கும் வகுப்பு வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். வேலையில் சேர்ந்தபின் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) ஒப்புதல் பெற்ற பாதுகாப்புப் பயிற்சியை விமான நிறுவனம் தரும். அதில் கதவும் தீயணைப்பானும் கைக்குப் பழகிவிடும். மூத்தவர் ஒருவரை இடைமறித்துப் பேச நாக்கு அவ்வளவு சீக்கிரம் பழகாது. வாத்தியாரைக் கண்டால் எழுந்து நின்றே வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடினம்.

விமானத்தில் ஆளைக் கொல்லும் நினைப்பு ஒன்று உண்டு: "அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

விமானிகளுக்குப் பெரும்பாலும் தெரியாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு காக்பிட் கதவு குண்டு துளைக்காத, பூட்டிய கதவு. பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் இன்ஜின் விமானியின் கண்ணுக்கே படாது. இறக்கையும் சரியாகத் தெரியாது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-இல் பழுதானது இடது இன்ஜின். விமானிகள் நிறுத்தியது வலது இன்ஜின். வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். இடது பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் பலரும் சிப்பந்திகள் சிலரும் பார்த்திருந்தார்கள். காக்பிட்டுக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடனில் இறக்கைமேல் ஈரப்பனி படிந்திருந்ததைக் கேபினில் இருந்தவர்கள் கண்டார்கள். பயணிகளாக வந்திருந்த விமானிகள் இருவரும் அதில் அடக்கம். ஒருவரும் காக்பிட்டில் போய்ச் சொல்லவில்லை. பனியை அகற்றாமலே விமானம் கிளம்பி, உடனே விழுந்தது. 24 உயிர்கள் போயின.

நம் கடற்கரையில் அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்பவர் பாறையைக் கண்டால், அமரத்தில் (பின்முனையில்) இருப்பவரும் கண்டிருப்பாரே என்று யோசித்து நிற்பதில்லை. கூவிவிடுவார். அந்தப் பழக்கத்தைத்தான் வகுப்பில் கொண்டுவரச் சொல்கிறோம்.

ஆனால் கூவினால் மட்டும் போதாது, என்ன சொல்கிறோம் என்பதில்தான் பாதி விபத்து இருக்கிறது. 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் 797-ஆம் எண் விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் புகை வந்தது. தீ எங்கே என்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. புகை குறைவதாகக் கேப்டனுக்குத் தகவல் போனது. இறங்கும் முடிவு தள்ளிப்போனது. சின்சினாட்டியில் தரையிறங்கிக் கதவுகளைத் திறந்த சற்று நேரத்தில் உள்ளே தீ மொத்தமாகப் பற்றியது. 46 பேரில் 23 பேர் மாண்டார்கள். "குறைகிறது" என்பது பார்த்தவரின் நம்பிக்கை. விமானிக்கு வேண்டியது இப்படி ஒரு தகவல்: "பின் இடப்பக்கக் கழிவறை. குப்பைப் பெட்டிக்கு மேலே சாம்பல் நிறப் புகை. ஒயர் கருகும் வாடை. தீ கண்ணில் படவில்லை. கதவின் மேல்பாதி புறங்கைக்குச் சுடுகிறது. ஒரு ஹாலான் தீயணைப்பான் அடித்தாயிற்று. பயணிகளை நான்கு வரிசை முன்னால் நகர்த்துகிறோம்." பதினைந்து வினாடிக்குள் சொல்லி முடிக்கலாம். தீயை அணைப்பவர் ஒருவர், இன்டர்போனில் பேசுபவர் ஒருவர், கூடுதல் தீயணைப்பான் எடுத்துத் தருபவர் ஒருவர் என்று வேலை பிரியும். பேசுபவர் போனை வைத்துவிட்டு உதவிக்கு ஓடினால் அந்த நிமிடமே காக்பிட் குருடாகிவிடும்.

இடம் வலம் குழப்பத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். முன்கதவருகே பயணிகளைப் பார்த்தபடி அமர்பவருக்கு, தன் இடக்கைப் பக்கம் என்பது விமானத்தின் வலப்பக்கம். பதற்றத்தில் கை முந்திக்கொள்ளும். அதனால் "கேப்டன் பக்கம்" என்றோ, "ஒன்றாம் இன்ஜின்" என்றோ, வரிசை எண்ணையோ சொல்லப் பழக்குங்கள். கேப்டன் இருக்கையும் ஒன்றாம் இன்ஜினும் எப்போதும் மூக்கை நோக்கி நின்றால் இடப்பக்கம்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உங்கள் பாடக்குறிப்பில் இருக்கும். அது 1981-இல் அமெரிக்காவில் வந்த விதியின் பாதிதான். காபி வேண்டுமா, வீல்சேர் எத்தனை போன்ற பேச்சுக்கே அந்தத் தடை. புகை, தீ, வழக்கமில்லாத சத்தம், அதிர்வு, இறக்கையில் பனி, எரிபொருள் வாடை இவற்றுக்குத் தடையே கிடையாது. இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது ஆபத்து.

விமானிகள் பக்கம் தவறே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1980-இல் ரியாத்தில் தீயோடு தரையிறங்கிய சவூதியா நிறுவனத்தின் 163-ஆம் எண் விமானத்தில், பயணிகளை வெளியேற்றவா என்று கேபினிலிருந்து பலமுறை கேட்டும் முடிவு சரியாக வரவில்லை. உள்ளே இருந்த 301 பேரும் இறந்தார்கள். ஆகவே கேள்வியும் ஆம், இல்லை என்று பதில் வரும்படி இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். அவசரத் தரையிறக்கத்துக்கு முன் கேப்டன் தரும் 'நிட்ஸ்' விவரத்தை (என்ன நேர்ந்தது, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், சிறப்புக் குறிப்பு) எழுதிக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்லப் பழக்குங்கள். நேரத்தில்தான் அதிகம் சறுக்கும். "பதினைந்து நிமிடம்" என்றால் எந்த நொடியிலிருந்து? கைக்கடிகாரத்தைப் பார்த்து அங்கேயே உறுதி செய்ய வேண்டும். பயணிகளை வெளியேற்ற வேண்டிவருமா, எந்தப் பக்கக் கதவைத் திறக்கக்கூடாது என்பதைக் கேப்டன் சொல்ல மறந்தால் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நடுவே ஒரு திரை, இரண்டு செல்போன், இரைச்சலுக்கு ஒரு ஸ்பீக்கர். திரைக்கு அந்தப்புறம் விமானியாக இருப்பவர் முதுகைக் காட்டி உட்காரட்டும். இந்தப்புறம் ஒரு படத்தைக் காட்டி, கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதை அவர் வரைந்து காட்டட்டும். சில முறை அவர் எரிச்சலோடு "அப்புறம் பேசு" என்று துண்டிக்கட்டும். மாணவி மறுபடி அழைக்கிறாரா என்று பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுங்கள். பாடம் தயாரிக்கவும் விமானியாக உட்காரவும் விடுப்பில் ஊருக்கு வரும்போது நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
கேபினிலும் காக்பிட்டிலும் பணிபுரியும் குமரி மாவட்டத்தார் சிலர்