லாரி நிறுவனங்களின் பதிவேடு பொதுப் பார்வைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் சரக்கு அனுப்பும் பிரிவை 17 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்களுக்குச் சொந்த லாரி கிடையாது. லாரி பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீசுக்குத் தகவல் சொன்னால் வண்டி வந்து நிற்கும். வந்த வண்டியில் லோடு ஏற்றுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்ய எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ள முடிகிறது. அதை அனுப்பிய நிறுவனத்தைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள முடிவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பத்துச் சக்கர லாரியின் ஓட்டுநர், பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த தாள்களை நீட்டினார். ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் இருந்தன, எஃப்.சி. நகலில் தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் மடிப்பில் தேய்ந்து போயிருந்தது. வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, எஃப்.சி. முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது தெரிந்தது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது பெயர் விஷயம். வண்டியின் நெற்றியில் ஒரு பெயர் எழுதியிருந்தது, எல்.ஆர். எனப்படும் சரக்கு ரசீதின் தலைப்பில் வேறொரு பெயர் அச்சாகியிருந்தது, செயலியிலோ பாதி எழுத்துகள் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்ட மூன்றாவது பெயர் ஒன்று வந்தது. ஓட்டுநரைக் கேட்டேன். "நேத்துதான் சார் என்னை இந்த வண்டிக்கு மாத்தினாங்க" என்றார். அவரிடம் கோபித்து என்ன பயன்? வண்டியைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் அதே ஆபீசிலிருந்து தாள்கள் சரியாக உள்ள வேறொரு வண்டி வந்தது, லோடும் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் போன லாரியில் அன்று மாலை யாருடைய சரக்கு ஏறியதோ தெரியாது.

விதிகளில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புதிய சரக்கு வாகனத்துக்கு முதல் தகுதிச் சான்று 2 ஆண்டுகளுக்கு. அதன்பின் வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தேதிகள் எல்லாம் அரசின் வாகன் என்ற வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் ஏறுவதால்தான் என்னைப் போன்றவர்களால் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. நிறுவனங்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவுச் சான்று பெறாமல் எவரும் பொதுச் சரக்குப் போக்குவரத்துத் தொழில் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. லாரி வைத்திருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் புக்கிங் நிறுவனம், ஒப்பந்ததாரர், முகவர், புரோக்கர் ஆகியோரையும் அதன் வரையறை உள்ளடக்குகிறது. சான்றிதழைத் தலைமை அலுவலகத்திலும் கிளைகளிலும் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. எனக்குப் பழக்கமான புக்கிங் ஆபீஸ்களின் சுவரில் சாமி படம், நாள்காட்டி, கட்டண அட்டவணை மூன்றையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை இதுவரை பார்த்ததில்லை.

அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை ஓர் எண் தருகிறது. அந்த எண் லாரியின் இரு பக்கமும், நின்றிருக்கும் வண்டியில் பகல் வெளிச்சத்தில் 50 அடி தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். லாரி தனிநபருடையதாக இருந்து குத்தகைக்கு ஓடினாலும், எந்த நிறுவனத்தின் பொறுப்பில் ஓடுகிறதோ அந்த நிறுவனத்தின் எண்ணே அதில் இருக்கும். அதை இணையத்தில் இட்டுப் பார்ப்பவருக்கு அந்த நிறுவனத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை ஓட்டுநர்கள், கடந்த 24 மாதங்களில் எத்தனை சோதனைகள், அவற்றில் எத்தனை முறை வண்டியோ ஓட்டுநரோ சாலையிலிருந்து விலக்கப்பட்டார்கள், எத்தனை விபத்துகள் என்ற விவரம் கட்டணமில்லாமல் கிடைக்கிறது.

நம்மிடம் பழியும் பதிவும் நம்பர் பிளேட்டோடு நின்றுவிடுகின்றன. 'அட்டாச்டு' வண்டி என்று சொல்லப்படும், நிறுவனத்துக்காக ஓடும் வெளியாள் லாரி விபத்துக்குள்ளானால் வழக்கு ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர் மீதும் ஓட்டுநர் மீதும் போகும். லோடு பிடித்துக் கொடுத்து, காலையில் இறக்கியாக வேண்டும் என்று விரட்டிய நிறுவனத்தின் பெயர் எங்கும் ஏறுவதில்லை. அந்த வண்டி போனால் நிறுவனத்துக்கு இன்னொரு வண்டி. சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் என்ற சாலை விபத்துத் தரவுத் தளத்தில் காவல் துறை விபத்து விவரங்களைப் பதிவு செய்கிறது. அதை நிறுவனப் பதிவு எண்ணோடு இணைத்துப் பொதுப் பார்வைக்கு வைத்தால், ஒரு நிறுவனத்தின் வண்டிகள் அடிக்கடி சிக்குகின்றனவா என்பது லோடு கொடுப்பவருக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு லாரிகளைக் கடன் வாங்கி ஓட்டும் சிறு உரிமையாளர்கள் இதனால் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. பின்னால் வந்து மோதிய காருக்காக ஒருவர் தொழிலை இழக்கக் கூடாது. அமெரிக்கப் பதிவேட்டிலும் விபத்துக் கணக்கு யார் தவறு என்பதைக் காட்டாது என்ற குறிப்பு சேர்ந்தே வருகிறது. ஆனால் எஃப்.சி. முடிந்த வண்டியைத் தெரிந்தே அனுப்புவது விபத்துப் போலத் தற்செயலானதல்ல. முறையாகச் செலவு செய்து எஃப்.சி. எடுக்கும் சிறு உரிமையாளர், அப்படிச் செய்யாதவரோடு வாடகையில் போட்டி போட முடியாமல் தவிப்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே போக்குவரத்துத் துறைக்கு இரண்டு வேண்டுகோள்கள். 2007 சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நிறுவனங்களின் பெயர், பதிவு எண், செல்லுபடியாகும் நாள், அவற்றின் பொறுப்பில் ஓடும் வண்டிகளின் எண்கள் ஆகியவற்றை, வாகன் விவரங்களைப் போலவே எவரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாத எல்.ஆர். ரசீது செல்லாது என்றும் அறிவிக்க வேண்டும்; அப்போது நெற்றியில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதை வாசலில் நிற்கும் பத்து நிமிடத்துக்குள்ளேயே என்னால் கண்டுபிடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
சரக்கு அனுப்பும் பிரிவுப் பொறுப்பாளர் ஒருவர்