‘ஸ்பேமில் பாருங்கள்’ என்பது பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்தால் போதும், கல்லூரி விளம்பரம், கட்டண ரசீது, தேர்வு அறிவிப்பு எல்லாவற்றிலும் ‘மெயில் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியையும் பார்க்கவும்’ என்ற வரி வந்துவிடுகிறது. சுரண்டையிலிருந்தோ வீரவநல்லூரிலிருந்தோ விண்ணப்பித்த பிள்ளைக்குக் கலந்தாய்வு நாள் கடந்த பிறகு அந்த மெயில் கண்ணில் பட்டால், பார்க்காதது பிள்ளையின் குற்றம் என்று முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் கோளாறு அனுப்பிய இடத்தில்தான் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரிக்கும் வண்ணார்பேட்டை மருத்துவமனைக்கும் மட்டுமல்ல, பத்தமடைப் பாயையும் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களின் விலைப்புள்ளிக்கும் தூத்துக்குடி கப்பல் ஏஜென்சியின் சரக்குப் பட்டியலுக்கும் இதே கதிதான்.

கோளாறு எங்கே என்று பார்க்க நிபுணர் வேண்டாம். நிறுவனத்திலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தட்டினால் மேலேயே எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றிலும் ‘பாஸ்’ இருக்க வேண்டும். ஒன்றில் ‘ஃபெயில்’ இருந்தாலும், ஒரு வரி காணாமலே போனாலும், அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.

டொமைன் என்பது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். டி.என்.எஸ். என்பது அந்தப் பெயரைப் பற்றிய விவரங்களை யார் கேட்டாலும் சொல்லும் இணையத்தின் பொதுத் தகவல் ஏடு. எஸ்.பி.எஃப். என்பது, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த ஐ.பி. முகவரிகளுக்கு (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களுக்கு) அனுமதி உண்டு என்று டி.என்.எஸ்.ஸில் எழுதிவைக்கும் பட்டியல். டிகிம் என்பது சர்வர், அதாவது மெயிலை அனுப்பும் கணினி, ஒவ்வொரு மெயிலிலும் போடும் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியும் டி.என்.எஸ்.ஸில்தான் இருக்கும். இந்த இரண்டில் ஒன்றாவது, வாசகர் காணும் ‘ஃப்ரம்’ முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதில் டொமைன்காரரே சொல்லிவிடலாம்.

நம் ஊர்க் கல்லூரிகள் அதிகம் விழுகிற பள்ளம் இந்தப் பொருத்தம்தான். கட்டணம் வசூலிக்கும் மென்பொருள்காரர் கல்லூரியின் பெயரில் மெயில் அனுப்புகிறார். ‘ஃப்ரம்’ வரியில் கல்லூரி டொமைன். ஆனால் திரும்பி வரும் மெயிலுக்கான ‘ரிட்டர்ன் பாத்’ வரியில் மென்பொருள்காரரின் டொமைன். எஸ்.பி.எஃப். சோதனை பார்ப்பது அந்த இரண்டாவது முகவரியை. எனவே எஸ்.பி.எஃப். பாஸ், டிமார்க் ஃபெயில். ‘எங்கள் பக்கம் பாஸ் காட்டுகிறதே’ என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அதனால் கல்லூரிக்குப் பயன் இல்லை. அவருடைய சர்வர் கல்லூரி டொமைனின் பெயரிலேயே டிகிம் கையொப்பம் போட வேண்டும். அதற்கு அவர் ஒரு செலக்டர் பெயரும் (டி.என்.எஸ்.ஸில் அந்தச் சாவி இருக்கும் இடத்தைக் காட்டுவது) பொதுச் சாவியும் தருவார். அதைக் கல்லூரி தன் டி.என்.எஸ்.ஸில் சேர்த்தால் முடிந்தது.

இது இனி தள்ளிப்போடக் கூடியதல்ல. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் இருக்க வேண்டும். ஒரே நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 மெயில் அளவுக்கு அனுப்புகிற டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கும் மைக்ரோசாஃப்ட் இதே போன்ற விதியைக் கொண்டுவந்திருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது: துணை டொமைன்களில் இருந்து போவதும் அதே கணக்கில் சேரும், ஒரு முறை அந்த அளவைத் தொட்டுவிட்டால் ஜிமெயில் பார்வையில் அந்த டொமைன் என்றைக்கும் மொத்தமாக அனுப்புகிற டொமைன்தான். தேர்வு முடிவு வெளியாகும் ஒரே நாள் போதும், ஒரு பல்கலைக்கழகம் இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

எஸ்.பி.எஃப்.பில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. புதிய சேவை ஒன்று வரும்போது பழைய பதிவைத் திருத்தாமல் இன்னொரு பதிவைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, ‘பெர்ம் எரர்’ (நிரந்தரப் பிழை) என்று வரும். அடுத்தது, அந்தப் பதிவைப் படிக்கச் செய்யும் டி.என்.எஸ். தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. இன்னொரு சேவையின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் ‘இன்க்ளூட்’ ஒவ்வொன்றும் ஒரு தேடல், அதற்குள் இருக்கும் இன்க்ளூடும் கணக்கில் சேரும். எப்போதோ நிறுத்திவிட்ட எஸ்.எம்.எஸ். நிறுவனம், செய்திமடல் சேவை எல்லாம் அதிலேயே கிடக்கும். அவற்றை நீக்குங்கள். நிலையான ஐ.பி.யை நேரடியாக எழுதினால் அது தேடலாக எண்ணப்படாது.

டிகிம் சாவியை 2048 பிட்டில் வைப்பதே நல்லது. ஆனால் டி.என்.எஸ். டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துகள்தான் இடம். 2048 பிட் சாவி அதைவிட நீளம். மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் போட வேண்டும். டி.என்.எஸ்.ஸைத் திருத்தும் சில கன்ட்ரோல் பேனல்கள் தாங்களே பிரித்துக்கொள்ளும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். பதிவின் பெயரிலும் ஒரு வம்பு உண்டு: முழு டொமைனையும் தட்டச்சு செய்தால் பேனல் பின்னால் இன்னொரு முறை டொமைனை ஒட்டிக்கொள்ளும், பதிவு யாரும் தேடாத பெயரில் போய் உட்கார்ந்துவிடும். சேர்த்த கையோடு, டி.என்.எஸ்.ஸைக் கேட்டுச் சொல்லும் ‘டிக்’ கட்டளையால் வெளியிலிருந்து கேட்டுப் பாருங்கள். சாவி சரியாக இருந்தும் ‘பாடி ஹாஷ் பொருந்தவில்லை’ என்று வந்தால், கையொப்பம் போட்ட பிறகு யாரோ மெயிலைத் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது, கடைசியில் ‘இந்த மெயில் ரகசியமானது’ என்ற பொறுப்புத்துறப்பு வரியை ஒட்டும் கேட்வே, அதாவது மெயில் போகும் வழியில் நிற்கும் இடைக் கணினி. கையொப்பம் அதற்கும் பிறகு, மெயில் வெளியேறும் கடைசி இடத்தில் விழ வேண்டும்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு பி.டி.ஆர். பதிவு தனித் தலைவலி. ஐ.பி.யிலிருந்து பெயரைச் சொல்லும் இந்தப் பதிவு டொமைன் பேனலில் கிடைக்காது, ஐ.பி.யைத் தந்த இணைய நிறுவனம்தான் போட முடியும். லெட்டர்ஹெட்டில் ஐ.பி.யையும் சர்வரின் முழுப் பெயரையும் எழுதிக் கேளுங்கள். அந்தப் பெயர் திரும்ப அதே ஐ.பி.க்கு வர வேண்டும்; சர்வர் அடுத்த சர்வரிடம் ‘ஹெலோ’ என்று அறிமுகமாகும்போது சொல்லும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். ஜிமெயில் 550 5.7.25 என்ற பிழை எண்ணோடு மெயிலைத் திருப்பினால் குறை இங்கேதான், 5.7.26 என்றால் எஸ்.பி.எஃப்., டிகிம் பக்கம் போங்கள். பழைய வகை ஐ.பி.யான ஐ.பி.வி.4-க்கு எல்லாம் சரியாக வைத்துவிட்டு, சர்வர் ஓசையில்லாமல் புதிய வகையான ஐ.பி.வி.6 வழியாகப் போய் அடிவாங்குவதும் உண்டு. அதற்கும் பி.டி.ஆர். வாங்க முடியாவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸை (மெயில் சர்வர் மென்பொருள்) ஐ.பி.வி.4-இல் மட்டும் ஓட விடுங்கள்.

ஸ்பேமோடு தொடர்புடைய ஐ.பி.களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில் நம் ஐ.பி. வந்துவிட்டால் பதற்றத்தில் முதலில் நீக்க விண்ணப்பிக்கிறார்கள். எந்தப் பட்டியல் என்று பாருங்கள். பி.பி.எல். என்றால் அது குற்றச்சாட்டு அல்ல. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத பிராட்பேண்ட் வகை முகவரி என்ற குறிப்பு, அவ்வளவுதான். எக்ஸ்.பி.எல். என்றால் உள்ளே ஏதோ கணினியில் வைரஸ் இருக்கிறது அல்லது யாருடைய பாஸ்வேர்டோ களவு போயிருக்கிறது. போன மெயில்களை சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டில் எந்தக் கணக்கு நூற்றுக்கணக்கில் அனுப்புகிறது என்று கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றி, வரிசையில் தேங்கிய குப்பையை அழித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே விண்ணப்பித்தால் மறுபடி பட்டியலில் ஏறும். அந்தப் பதிவேடு இருக்க வேண்டுமே! லினக்ஸில் வழக்கமான அமைப்பு 4 வாரத்தில் அழித்துவிடும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது.

இதே ஸ்பாம்ஹாஸை உள்ளே வரும் மெயிலைச் சோதிக்கப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (நமக்காக டி.என்.எஸ்.ஸில் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் அது 127.255.255.254 என்று பதில் தரும். ‘உன் கேள்வியை ஏற்கவில்லை’ என்பதே அதன் பொருள். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம் என்று எடுத்துக்கொள்ளும் சர்வர், அன்று வரும் நல்ல மெயில் அத்தனையையும் வாசலிலேயே திருப்பிவிடும். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வரை நிறுவுங்கள்.

ஃபார்வர்டு செய்வது பேராசிரியர்களுக்குப் பிடித்த வசதி. கல்லூரி மெயிலை அப்படியே சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பினால், அனுப்பியவரின் எஸ்.பி.எஃப். பட்டியலில் கல்லூரி ஐ.பி. இருக்காது, சோதனை தோற்கும். அதைவிட மோசம், வந்த ஸ்பேமும் சேர்ந்து போகும்போது அனுப்பியவர் கல்லூரி சர்வர்தான் என்று ஜிமெயில் எழுதிக்கொள்ளும். தவிர்க்க முடியாவிட்டால், ‘ரிட்டர்ன் பாத்’ முகவரியைக் கல்லூரி டொமைனுக்கு மாற்றும் எஸ்.ஆர்.எஸ். முறையை அமையுங்கள், ஸ்பேமை வடிகட்டிய பிறகே திருப்புங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சர்வர் அணைந்தால் மெயில் தொலைந்துவிடும் என்ற பயத்தில் இரண்டாவது எம்.எக்ஸ்., அதாவது மெயிலை வாங்கிவைக்கும் மாற்று சர்வர், வைக்கும் யோசனை பரவலாக எழுகிறது. அந்தப் பயம் வேண்டாம்: அனுப்புகிற பக்கத்தில் உள்ள போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சர்வர்கள் வழக்கமாக 5 நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். வடிகட்டி இல்லாத இரண்டாவது எம்.எக்ஸ். ஸ்பேமுக்குப் பின்வாசலாகத்தான் முடியும்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (பொருந்தாததை ஏற்காதே) என்று வைக்காதீர்கள். ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்து, அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். அந்த முகவரி வேறு டொமைனில் இருந்தால், அந்த டொமைனும் சம்மதப் பதிவு ஒன்றை வெளியிட வேண்டும்; இல்லாவிட்டால் அறிக்கை வராது. சில வாரம் படித்தால் சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, நூலக மென்பொருள், விடுதி அலுவலகத்தின் பழைய பிரிண்டர் என்று யாரும் நினைத்திராதவை எல்லாம் வரிசையாக வரும். அவற்றைச் சரிசெய்துவிட்டு ‘குவாரன்டைன்’ (ஸ்பேம் பெட்டியில் ஒதுக்கு), பிறகு ‘ரிஜெக்ட்’. மெயிலே அனுப்பாத பழைய டொமைன் ஏதும் இருந்தால் அதற்கு ‘யாருக்கும் அனுமதி இல்லை’ என்ற எஸ்.பி.எஃப்.பையும் ‘ரிஜெக்ட்’ டிமார்க்கையும் இன்றே போட்டுவிடலாம். போலி வேலைவாய்ப்பு மெயில் அனுப்புகிறவர்களுக்கு அப்படிப்பட்ட அநாதை டொமைன்தான் வசதி.

மேலே சொன்ன டி.என்.எஸ். பதிவுகள் எதற்கும் தனிக் கட்டணம் இல்லை. ஆனாலும் வேலை நிற்கிறது, ஏனென்றால் டி.என்.எஸ். பேனலின் சாவி நிறுவனத்திடம் இல்லை. வெப்சைட் செய்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயில் முகவரியில் வாங்கியிருக்கிறார். அவர் தொழிலை விட்டுவிட்டால் ஒரு வரி சேர்க்கக்கூட வழியில்லை. கல்லூரிச் செயலர்களையும் மருத்துவமனை, ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த வொர்க் ஆர்டரில் டொமைன் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், பேனலின் பாஸ்வேர்டு அலுவலகத்தில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரில் மெயில் அனுப்பும் ஒவ்வொரு மென்பொருளும் நிறுவன டொமைனில் டிகிம் போட வேண்டும் என்று எழுதுங்கள். ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் மூன்று பாஸும் தெரியும் ஒரு அச்சுப் பிரதி வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் நிர்வாகிகள் சிலர்,
பாளையங்கோட்டை.