கண் அழற்சிப் பதிவேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

தன்னெதிர்ப்பு நோயால் வரும் யுவைட்டிஸுக்கு (கண்ணின் நடுப்படல அழற்சிக்கு)க் கொடுத்த சிகிச்சை எவ்வளவு தூரம் பலித்தது என்ற கணக்கெடுப்பு முடிந்திருக்கிறது. யாருக்கு, எதற்காக என்று சொல்லாத நன்றி வெறும் சம்பிரதாயம். ஆகவே பிரித்தே சொல்கிறோம்.

முதலில், ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கி முன் அமர்ந்து, கண்ணின் முன்னறையில் (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையில்) மிதக்கும் அழற்சிச் செல்களை எண்ணியவர்களுக்கு. அறையை இருட்டாக்கி, ஒளிக்கற்றையை 1 மி.மீ.க்கு 1 மி.மீ. என்று குறுக்கி, கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன்பே எண்ணினீர்கள். சொட்டுக்குப் பிறகு எண்ணினால் ஐரிஸிலிருந்து உதிரும் நிறமித் துகள்களும் அழற்சிச் செல்களாகக் கணக்கில் ஏறிவிடும். யுவைட்டிஸின் தீவிரத்தைப் படிகளாகப் பிரிக்க 2005இல் வெளியான 'சன்' (SUN) அளவுகோலில் 6 முதல் 15 செல் வரை 1+. 16 வந்தால் 2+. இரண்டு படி இறங்கினாலோ பூஜ்யத்துக்கு வந்தாலோதான் 'முன்னேற்றம்'. 15ஆ 16ஆ என்று மறுபடி எண்ணி, அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்திட்ட தாள்கள்தான் எங்களுக்கு மிகவும் பயன்பட்டவை.

மருந்தகத்தாருக்கு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். அதோடு தரும் ஃபோலிக் ஆசிடும் பல தயாரிப்புகளில் அதேபோன்ற சின்ன மஞ்சள் மாத்திரை. உறையில் கிழமையைப் பெரிதாக எழுதித் தந்தீர்கள். பிரெட்னிசலோன் அசிட்டேட் என்ற ஸ்டீராய்டு சொட்டில் மருந்து அடியில் தங்கிவிடும் என்று குப்பியைக் குலுக்கியும் காட்டினீர்கள்.

ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் சோதனை) எடுத்தவர்களுக்கு. முன்னறையில் ஒரு செல்கூட இல்லாத கண்ணில் மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) வீங்கிக் கிடந்ததைக் காட்டியது உங்கள் படங்கள்தான். ஆய்வகத்தாரின் கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளுக்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி தொடங்குமுன் செய்த காசநோய், ஹெப்படைட்டிஸ் பி சோதனைகளுக்கும் நன்றி.

எல்லோரையும்விட, நன்றாக இருந்தபோதும் வந்த நோயாளிகளுக்கு. மருந்தெல்லாம் நிறுத்தி 3 மாதமாவது கண் அமைதியாக இருந்தால்தான் 'நோய் தணிவு'. குணமானவர் வராமல் போனால் பதிவேட்டில் மோசமானவையே மிஞ்சும்; பார்வை குறைந்தவர் வேறிடம் போனால் எல்லாம் பொய்யாகப் பளபளக்கும். யுவைட்டிஸுக்கு இரண்டு மருந்துகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஃபாஸ்ட் (FAST) ஆய்வில் 6 மாத வெற்றி மெத்தோட்ரெக்சேட்டுக்குச் சுமார் 67 விழுக்காடு, மைக்கோஃபெனோலேட்டுக்கு 57. அந்த இடைவெளிகூடப் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இவ்வளவு நெருக்கமான கணக்கில் சிலர் விடுபட்டாலே முடிவு புரண்டுவிடும். தொலைபேசியை எடுத்து "நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டு, பிறகு வந்தே சேர்ந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு கும்பிடு.

ஒருவரின் இரு கண்களை இரண்டு ஆட்களாக எண்ணக் கூடாது என்று விடாப்பிடியாக நின்ற புள்ளியியலாளருக்கும் நன்றி. அன்று முணுமுணுத்தோம், அவர் சொன்னதே சரி.

பிரெட்னிசலோன் மாத்திரையை நாளுக்கு 7.5 மி.கி.க்குக் கீழே குறைத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அடுத்த தவணைக்கு மருந்துச் சீட்டோடு சொட்டுக் குப்பியையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
பதிவேட்டுக் குழுவினர்