இருண்ட கண்டம் என்று இனியும் எழுதாதீர்கள்

தமிழில் புவியியல், வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கும், அவற்றுக்கு நிலப்படம் வரைவோருக்கும்,

வணக்கம்.

ஆப்பிரிக்கா பாடத்தை நான் நடத்தி முடித்த ஒரு நாள், கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, அங்கே ஊரே கிடையாதா?" என்று கேட்டாள். பாடத்தை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். சஹாரா இருந்தது. நைல் இருந்தது. சவானாப் புல்வெளி, ஒட்டகச்சிவிங்கி, வைரச் சுரங்கம், வறட்சி எல்லாம் இருந்தன. கெய்ரோவுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் பிரமிடுகளை ஒட்டி. 54 நாடுகள் உள்ள கண்டத்தைப் படித்து முடித்த குழந்தைக்கு அப்படித் தோன்றினால் பிழை அவளுடையது ஆகாது. பாதிப் பிழை புத்தகத்துடையது, மீதி என்னுடையது. அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். "இருண்ட கண்டம் எனப்படுவது எது?" என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகவே நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அது. ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி 1878இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே அதை வைத்த பிறகு எங்கும் பரவியது. அந்தக் கண்டத்தின் உட்பகுதி ஐரோப்பியருக்குத் தெரியாது என்பதற்கு மேல் அதில் செய்தி ஒன்றுமில்லை. பார்க்காதவர்கள் கண்ணில் இருந்த இருட்டை, அங்கே விளக்கேற்றி வாழ்ந்தவர்கள் மேல் தமிழிலும் நாம் ஏன் ஏற்ற வேண்டும்? அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது? நைஜர் ஆற்றை வையுங்கள். கினி நாட்டு மலைகளில், அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் அது பிறக்கிறது. அருகில் இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே, பாலைவனத்தை நோக்கி ஓடுகிறது. சஹாராவின் விளிம்பைத் தொட்டதும் வில்லாக வளைந்து தெற்கே திரும்புகிறது. மொத்தம் 4,180 கிலோமீட்டர் கடந்து கினி வளைகுடாவில் கலக்கிறது. இந்த விந்தையான போக்கு ஐரோப்பியரை நெடுங்காலம் குழப்பியது. ஆறு கிழக்கே ஓடுகிறது என்பதை ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் 1796இல்தான் நேரில் கண்டார். அது கடலில் சேருமிடத்தை லாண்டர் சகோதரர்கள் 1830இல் உறுதிசெய்தார்கள். கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வளைவின் வடக்கு முனையில்தான், இன்றைய மாலி நாட்டில், திம்புக்து என்ற ஊர் இருக்கிறது. ஏன் அங்கே ஓர் ஊர் எழுந்தது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒட்டகமும் ஓடமும் சந்திக்கும் இடம் அது. வடக்கே பாலைவனத்தின் நடுவிலிருந்து உப்பு பாளம் பாளமாக ஒட்டகத்தில் வந்தது. தெற்கிலிருந்து பொன் வந்தது. உப்பு வெட்டிய தகாசா என்ற ஊரை 1352இல் கடந்துபோன மொராக்கோப் பயணி இபின் பதூதா, அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டி, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். மரமோ கல்லோ இல்லாத இடத்தில் மனிதர் கைக்கு எட்டியதை வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். இதைவிடத் தெளிவாகப் புவியியலை எந்தப் பாடம் சொல்லித்தரும்?

மாலியின் அரசர் மன்சா மூசா 1324இல் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கி அள்ளி வழங்கிய பொன்னால், அந்நகரில் பொன் விலையே சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் விலை பழைய நிலைக்கு ஏறவில்லை என்று அரபு வரலாற்றாளர் அல்-உமரி எழுதினார். இந்தக் கதை இப்போதெல்லாம் பலருக்குத் தெரிந்திருக்கிறது. பொன்னோடு கதையை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். திம்புக்துவுக்கு உண்மையான பெருமை தந்தவை ஏடுகள். சட்டம், வானியல், மருத்துவம், இலக்கணம் என்று எழுதியும் படியெடுத்தும் வீடுதோறும் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, ஊர் மக்கள் பல்லாயிரம் கையெழுத்துப் படிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் ஏற்றித் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிவந்த சுவடிகளைக் கையில் எடுத்துப் படித்த மொழி நம்முடையது. அந்தப் பெட்டிகளின் கனம் நமக்குப் புரியும்.

இன்னொரு சொல்லையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அரபியில் "சாஹில்" என்றால் கரை. சஹாராவின் தெற்கு விளிம்புக்கு "சாஹேல்" என்று பெயர் வந்தது அந்தச் சொல்லிலிருந்துதான். மணலைக் கடலாகப் பார்த்தவர்கள், அதற்கும் ஒரு கரை உண்டு என்று கண்டார்கள். திம்புக்து அந்தக் கரையில் ஒரு துறைமுகம். அதே சொல்தான் கண்டத்தின் கிழக்கே, உண்மையான கடற்கரையில், "சுவாஹிலி" என்ற மொழியின் பெயர் ஆயிற்று. இரண்டு கரைகளையும் வைத்தே ஒரு பாடம் எழுதலாம்.

கிழக்குக் கரையின் ஊர்களைக் கட்டியது காற்று. ஆண்டின் இறுதியில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்மரங்களை அங்கே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரத் தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்த மாதங்களில் கொடுக்கல் வாங்கல் நடந்தது, கல்யாணங்கள் நடந்தன, மொழிகள் கலந்தன. மொம்பாசா, மாலிந்தி, சான்சிபார், கில்வா எல்லாம் அப்படி வளர்ந்தவை. கில்வாவில் பவளக்கல்லால் கட்டிய அரண்மனையும் பள்ளிவாசலும் இன்றும் இடிபாடுகளாக நிற்கின்றன. 1331இல் அங்கே போன இபின் பதூதா அது மிக அழகான நகரங்களில் ஒன்று என்றார். 1505இல் போர்த்துகீசியர் அதைச் சூறையாடினார்கள். பருவக்காற்றை நாம் மழையோடு மட்டும் கற்பிக்கிறோம். ஓர் ஊரையும் ஒரு மொழியையும் காற்று உண்டாக்கியதைக் கற்பிப்பதில்லை.

இபின் பதூதா போனபோது கில்வாவை ஆண்ட சுல்தான் அல்-ஹசன் இபின் சுலைமான். அவர் பெயர் பொறித்த காசு ஒன்று, கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, மாபெரும் சிம்பாப்வேயில் கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை சோனா மக்களின் முன்னோர் கட்டி வாழ்ந்த கல் நகரம் அது. வெளிச்சுவரின் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் சில இடங்களில் 11 மீட்டர். சாந்து பூசாமல், செதுக்கிய கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே எழுப்பினார்கள்.

அந்தச் சுவரைக் கட்டியவர்களிடமிருந்து அதைப் பறிக்க நடந்த முயற்சியையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். 1871இல் அங்கே போன கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், வாசலின் மேல்கட்டையிலிருந்து ஒரு சிராயை எடுத்துப் பார்த்தார். தன் பென்சிலின் மரத்தைப் போல இருந்ததால், அது லெபனான் தேவதாரு என்றும் இது விவிலியத்தில் வரும் சேபா நாட்டு அரசியின் மாளிகை என்றும் முடிவுகட்டினார். அது அந்த மண்ணிலேயே வளரும் மரம். 1905இல் ராண்டல் மக்ஐவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழ்ந்து பார்த்து, இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதே என்று நிறுவினார்கள். ஆனாலும் ரொடீசியா என்று அன்று அழைக்கப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் ஆட்சி, அந்த உண்மையை வெளிப்படையாக எழுத விடாமல் தொல்லியலாளர்களை நெருக்கியது. 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல் நகரத்தின் பெயரையே சூடிக்கொண்டது. அங்கே கிடைத்த கற்பறவை இன்று அதன் கொடியில் இருக்கிறது. சான்றுகளை எப்படிப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்கக் கூடாது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறையைக் குடைந்த 11 தேவாலயங்கள் உள்ளன. அவற்றில் சிலுவை வடிவக் கோயிலை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியிருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வேலை சட்டென்று புரியும். காங்கோ ஆற்றின் இருகரையிலும் கின்ஷாசா, பிராசவில் என்ற இரண்டு தலைநகரங்கள் எதிரெதிரே நிற்பதை அருவிகளைக் காட்டிச் சொல்லுங்கள். அங்கிருந்து கடல்வரை படகு இறங்க முடியாது, அதனால் சரக்கு அங்கேயே நின்றது. அவை இரண்டு வேறு நாடுகளானதற்கு, 1884 - 85 பெர்லின் மாநாட்டுக் காலத்தில் ஐரோப்பிய அரசுகள் கண்டத்தைப் பங்கிட்டுக்கொண்டதைச் சொல்லுங்கள். அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இருக்கவில்லை.

நிலப்படம் வரைவோரே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மெர்கேட்டர் முறையில் வரைந்த உலகப் படத்தைப் பாடநூலில் போடாதீர்கள். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரிகின்றன. உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு, இந்தியாவைப் போல 9 மடங்கு பெரியது. பரப்பளவை ஏறக்குறையச் சரியாகக் காட்டும் படங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தூரத்துக் கதை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று குழுவில் யாராவது கேட்கக்கூடும். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ கப்பல் 342 ஒப்பந்தத் தொழிலாளரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நங்கூரமிட்டது. பொன் கிடைத்ததால் 1886இல் முளைத்த ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. நைரோபியோ, இந்தியாவிலிருந்து போன பல்லாயிரம் தொழிலாளர் போட்ட ரயில் பாதையில், 1899இல் ஒரு ரயில்வே முகாமாகத் தொடங்கியது.

அதற்கும் வெகுகாலம் முன்பு, எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிக்கேயில் ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதற்கு வடக்கே குசைர் அல்-கதீம் என்ற துறைமுகத்தில் உடைந்த பானை ஓடுகள் சில கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகள் பழையவை. அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன் என்று படிக்கப்படும் பெயர்கள் இருக்கின்றன. இன்னொன்றில் "பானை ஒறி" என்று கீறியிருக்கிறது. உறியில் தொங்கவிட்ட பானை. எந்தக் கப்பலில் யார் கொண்டுபோனாரோ, அந்தப் பாலைக் கரையில் நம் வீட்டு உறி எழுத்தாக நிற்கிறது.

ஆப்பிரிக்கா பாடத்தின் முதல் பக்கத்தில் சிங்கத்துக்குப் பதில் அந்த ஓட்டின் படத்தைப் போடுங்கள். பக்கத்திலேயே குசைர், பெரனிக்கே, கில்வா, திம்புக்து நான்கும் குறித்த ஒரு சிறு நிலப்படம். பிராமி எழுத்துகளுக்கு நேரே தமிழ் எழுத்தையும் கொடுத்துவிடுங்கள், மற்றதைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வார்கள்.

மிக்க அன்புடன்,
ஒரு புவியியல் ஆசிரியர்